கியர்ப்பெட்டிக்கு எந்த எண்ணெய்?

இப் பகுதிக்கு வரும் கடிதங்களிலே ஊறுகாயிற் பூஞ்சணம் பிடிப்பதைப் பற்றியும், கிணற்று நீர் உவர்ப்பதைப் பற்றியும், பிள்ளைகள் புத்தகத்தைக் கையில் எடுக்க மறுப்பதைப் பற்றியுமே பெரும்பாலும் கேள்விகள் இருக்கும். இக் கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதமோ ஒரு மோட்டார் வண்டியின் வயிற்றுக்குள் இருக்கும் எண்ணெயைப் பற்றியது. குடும்பப் பகுதிக்கும் கியர்ப்பெட்டிக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். கடிதத்தின் சுருக்கத்தைப் படித்தால் தொடர்பு விளங்கும்.

அவருடைய தந்தையாருக்கு வயது 84. ஓய்வு பெற்ற ஆசிரியர். வீட்டில் 1961 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் வண்டியொன்று உண்டு. பிழைப்புக்கு அவ் வண்டி தேவையில்லை. வெள்ளிக்கிழமைகளிற் கோயிலுக்கும், மாதம் ஒருமுறை உறவினர் வீட்டுக்கும் போய் வருவதற்காக ஆசையோடு வைத்திருக்கிறார்கள். கிழவருக்குக் கண் பார்வை குன்றிவிட்டதால் மகள்தான் ஓட்டுகிறார். நான்கு மாதங்களுக்கு முன்னர் ஒரு கராஜில் கியர் ஒயில் மாற்றினார்களாம். "உள்ளதிலே விலை கூடியது" என்று சொல்லி ஒன்றை வார்த்தார்களாம். அதன் பின்னர் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு மாற்றும்போதெல்லாம் வண்டி பல்லைக் கடிக்கிறது. அதே கராஜில் இப்போது, "கியர்ப்பெட்டி முடிந்துவிட்டது, அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஜப்பான் வண்டியின் பெட்டியொன்றைப் பொருத்துவோம்" என்கிறார்கள். வெளிநாட்டிலிருக்கும் தமையனார், "விற்றுவிடு" என்கிறார். தந்தையார் ஒன்றும் சொல்லாமல் மாலையிற் போய் வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாராம். "கியர்ப்பெட்டியை எறிவதற்கு முன் நான் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா? பெண்ணொருத்தி தானே ஒயிலை மாற்றலாமா?" என்பவை சகோதரியின் கேள்விகள்.

இரண்டுக்கும் எமது விடை ஒன்றே: ஆம். முதலில் ஒயிலை மாற்றுங்கள். அதன் பின்பே கியர்ப்பெட்டியைப் பற்றி முடிவு செய்யுங்கள். இவ்வாறு சொல்வதற்குரிய காரணங்களை விளக்கமாகச் சொல்லுகிறோம். பழைய வண்டி வைத்திருக்கும் ஏனைய நேயர்களுக்கும் அது பயன்படும்.

மொறிஸ் மைனர் என்பது நம் நாட்டவருக்குப் புதிய பெயரன்று. சிமிர்னா நகரிலே பிறந்த அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த இவ் வண்டி, 1948 ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்தது. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானிய வண்டி இதுவே. அந்த இலக்கை 1960 இல் அடைந்தது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது பதினாறு இலட்சம் வரையில் வெளிவந்திருந்தன. வைத்தியரும், தபாலதிபரும், பாடசாலை அதிபரும் ஓட்டிய வண்டி இது. 1990க்குப் பின்னர் வடக்கிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட ஆண்டுகளிலே, சில துளி பெற்றோலைக் காட்டிக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டியதும் இத்தகைய பழைய வண்டிகளைத்தான். மின்னணுப் பொறிகள் எவையும் இல்லாத எளிமையே அன்று அவற்றைக் காத்தது. 2020 மார்ச் முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் மீண்டும் வழி திறக்கும் வரை, பழைய வண்டியின் அருமையைப் பலர் புதிதாக உணர்ந்தனர். ஆகவே கிழவர் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை வெறும் பிடிவாதம் என்று நாம் கருதவில்லை.

இனி விடயத்துக்கு வருவோம்.

கியர்ப்பெட்டிக்குள்ளே பற்சக்கரங்கள் பல இரண்டு தண்டுகளின்மீது ஒன்றோடொன்று கடித்தபடி சுழல்கின்றன. எஞ்சினில் இருப்பது போல் எண்ணெயை இறைத்துக் கொடுக்கும் பம்பு இங்கே இல்லை. வடிகட்டியும் இல்லை. கீழேயுள்ள பற்சக்கரங்கள் எண்ணெயில் தோய்ந்து சுழலும்போது அதனை மேலே வாரி எறிகின்றன. அவ்வாறு தெறிப்பதுதான் மேலேயுள்ள சக்கரங்களுக்கும் தாங்கிகளுக்கும் உணவு. எனவே அளவு குறைந்தால் மேலே உள்ளவை பட்டினி கிடக்கும். அளவு மிஞ்சினால் எண்ணெய் முன்பக்கமாகக் கசிந்து கிளச் தட்டிலே படும். கிளச் வழுக்கத் தொடங்கும்.

பற்சக்கரங்கள் தவிர இன்னோர் உறுப்பும் உண்டு. இரண்டாம், மூன்றாம், நான்காம் கியர்களுக்குச் சிங்குரோமெஸ் என்னும் ஓர் அமைப்பு இருக்கிறது. வேகம் வேறுபட்டுச் சுழலும் இரண்டு பாகங்களை ஒன்றாகக் கோப்பதற்கு முன், ஒரு செப்புக் கலவை வளையம் கூம்பொன்றின்மீது உராய்ந்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்கி விடுகிறது. பேருந்தில் ஏறுபவர் அதனோடு சில அடி ஓடி வேகத்தைப் பிடித்துக்கொண்டு தாவுவதைப் போன்றது இது. அந்த வளையம் தன் வேலையைச் செய்ய வேண்டுமாயின் அது கூம்பைப் பற்றிப் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் வழுக்கினால் பற்கள் மோதும். சகோதரி சொல்லும் பற்கடி அந்த ஓசைதான். மைனரின் முதலாம் கியருக்கு இவ்வமைப்பு இல்லை. வண்டி நின்ற பின்னரே அதனைப் போட வேண்டும்.

ஆகவே கியர்ப்பெட்டி எண்ணெயிடம் ஒன்றுக்கொன்று மாறான இரண்டு வேலைகளை நாம் எதிர்பார்க்கிறோம். பற்சக்கரங்களின் இடையே வழுக்க வேண்டும். வளையத்துக்கும் கூம்புக்கும் இடையே வழுக்காமல் விலகிக் கொடுக்க வேண்டும். "கூடிய விலை, கூடிய நன்மை" என்ற கணக்கு இங்கே பொய்த்துப் போவது இதனால்தான்.

சந்தையிலே 'கியர் ஒயில்' என்ற பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி, எஸ்.ஏ.ஈ. 90 என்றும் ஜி.எல். 5 என்றும் குறிக்கப்பட்ட தடித்த எண்ணெயாகும். அது வண்டியின் பின் அச்சுக்கென்று பிறந்தது. பின் அச்சிலுள்ள பற்சக்கரங்கள் கடித்துக்கொண்டே ஒன்றின்மீது ஒன்று சறுக்குகின்றன. அழுத்தம் மிகப் பெரிது. அந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்து போகாதிருக்கக் கந்தகமும் பொசுபரசும் சேர்ந்த மருந்துகளை அதிலே கலக்கிறார்கள். மூடியைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் நாற்றம் அந்தக் கந்தகத்தினது. உருக்குக்கு அம் மருந்து உற்ற தோழன். செப்புக் கலவைக்கோ, சூடேறும்போது, மெல்ல அரிக்கும் பகைவன். இக்காலத்திற் செம்பைக் காக்கும் மருந்தையும் சேர்த்து வரும் ஜி.எல். 5 ஒயில்கள் உண்டு. ஆயினும் அவற்றின் அளவு கடந்த வழுக்குத் தன்மையும் தடிப்பும் பழைய சிங்குரோமெஸ் வளையத்துக்கு ஒவ்வாதவையே.

மைனருக்குரிய கைந்நூல் சொல்வது என்ன? மைனர் 1000 வண்டியின் கியர்ப்பெட்டிக்கு வார்க்க வேண்டியது கியர் ஒயில் அன்று. எஞ்சினுக்கு வார்க்கும் அதே ஒயில்! அக் காலத்தில் எஸ்.ஏ.ஈ. 30 எனப்பட்டது. இன்று பழைய வண்டிக்காரர்கள் நல்ல தரமான 20-டபிள்யூ-50 எஞ்சின் ஒயிலையே இரண்டுக்கும் பயன்படுத்துகிறார்கள். இதைக் கேட்டுப் பல இளம் மெக்கானிக்குகள் சிரிப்பார்கள். அவர்களுக்கு இசிகோனிஸின் அடுத்த வண்டியைக் காட்டுங்கள். 1959 இல் வெளிவந்த மினி வண்டியிலே கியர்ப்பெட்டி எஞ்சினின் அடியிலேயே அமர்ந்து, எஞ்சினோடு ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்கிறது. எஞ்சின் ஒயிலிற் பற்சக்கரம் வாழுமா என்ற ஐயத்துக்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இன்னொரு மயக்கமும் உண்டு. 90 என்பது 50ஐவிடப் பெரிய எண் ஆதலால் அது மிகத் தடித்தது என்று எண்ணுவார்கள். கியர் ஒயிலுக்கும் எஞ்சின் ஒயிலுக்கும் அளவுகோல்கள் வெவ்வேறு. கியர் ஒயிலின் 90 ஏறக்குறைய எஞ்சின் ஒயிலின் 40க்கும் 50க்கும் அண்மையிலேயே நிற்கும். எண்ணை மட்டும் பார்த்து எண்ணெய் வாங்கக் கூடாது. எந்த வண்டிக்கும் அதனதன் கைந்நூலே வேதம். ஒஸ்ரினுக்குச் சொன்னது வொக்ஸ்வாகனுக்குப் பொருந்தாது. பழைய வண்டிக்குச் சொன்னது இன்றைய ஜப்பான் வண்டிக்குப் பொருந்தாது.

சகோதரியின் வண்டி நான்கு மாதங்களுக்கு முன்வரை ஒழுங்காக ஓடியது. எண்ணெய் மாற்றிய பின்பே நோய் தொடங்கியது. மருந்து குடித்த மறுநாள் உடல் தடித்தால் முதலில் மருந்தைத்தானே சந்தேகிப்போம்? நான்கே மாதங்களில், அதுவும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஓடிய வண்டியில், வளையங்கள் முற்றாகத் தேய்ந்திருக்கும் என்று நாம் எண்ணவில்லை. பிழையான எண்ணெயில் அவை வழுக்கிக்கொண்டிருக்கலாம். அன்றி, எண்ணெயின் அளவு குறைவாக இருக்கலாம். இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றே.

ஆயினும் ஒரு சோதனையை முதலிற் செய்யவேண்டும். வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கிளச்சை முற்றாக மிதித்துச் சற்றுப் பொறுத்துப் பின்வாங்கும் கியரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் கரகரவென்று கடித்தால், குற்றம் கிளச் முழுமையாக விலகாததில் இருக்கலாம். கிளச்சின் அசைவைச் சரிசெய்தாலே போதுமானதாக இருக்கக்கூடும். நின்றபோது அமைதியாகவும், ஓடும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றுகையில் மட்டும் கடிப்பதாகவும் இருந்தால், நாம் முன்னர் சொன்ன வளையங்களின் பக்கம் திரும்பலாம்.

இனி மாற்றும் முறை. வேண்டியவை: ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் ஒயில் (மைனர் 1000 கியர்ப்பெட்டியின் கொள்ளளவு 2¼ பைந்து, அதாவது 1.3 லீற்றர்), மூடிகளுக்குப் பொருந்தும் ஸ்பனர், பழைய தாச்சி ஒன்று, புனல், அதில் மாட்டக்கூடிய றப்பர்க் குழாய், பழந்துணி, ஒரு காந்தத் துண்டு. ஒயிலை முத்திரை உடையாத குப்பியாகவே வாங்குக.

முதலாவது, வண்டியை எட்டுப் பத்துக் கிலோமீற்றர் ஓட்டி வாருங்கள். சூடான எண்ணெய் எளிதில் வடியும். அடியில் தங்கிய தூளையும் கலக்கிக்கொண்டு வெளிவரும்.

இரண்டாவது, வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். கராஜின் குழி கிடைத்தால் மிக நன்று. அன்றேல் நான்கு பக்கமும் ஒரே அளவாக உயர்த்தி, இரும்புத் தாங்கிகளின்மேல் நிறுத்துங்கள். இவ்விடத்தில் நாம் கண்டிப்பாகவே சொல்லுகிறோம்: ஜக்கை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியிலே போகக் கூடாது. சீமெந்துக் கல்லை அடுக்கிவைத்தும் போகக் கூடாது. அக் கல் எச்சரிக்கை தராமல் நொறுங்கும். எண்ணெய் பிழைத்தால் பெட்டிதான் போகும். தாங்கி பிழைத்தால் ஆளே போய்விடும். சில்லுகளுக்கு முட்டுக்கொடுத்த பின்னரும், வண்டியைக் கையால் ஒருமுறை பலமாக அசைத்துப் பார்த்துவிட்டே அடியிற் செல்லவேண்டும். அருகில் இன்னொருவர் இருக்கட்டும்.

மூன்றாவது, வார்க்கும் மூடியை முதலில் கழற்றுங்கள். அதன் பின்பே வடிக்கும் மூடியைத் தொடுங்கள். அனுபவசாலிகள் எல்லோரும் சொல்லும் பொன்விதி இது. வார்க்கும் மூடி துருப்பிடித்துத் திரும்ப மறுத்தால், பழைய எண்ணெயாவது உள்ளே இருக்கும். வண்டி ஓடியே கராஜுக்குப் போகலாம். முதலில் வடித்துவிட்டால், வார்க்க வழியின்றி வண்டி அங்கேயே கிடக்கவேண்டியதுதான். மைனரில் வார்க்கும் மூடி பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது. முன்னாசனத்துத் தரைவிரிப்பைத் தூக்கி, கியர்ப்பெட்டியின் மேற்கூட்டிலுள்ள றப்பர் அடைப்பைக் கழற்றினால் அதனை எட்டலாம்.

நான்காவது, தாச்சியை வைத்து அடியிலுள்ள வடிக்கும் மூடியைத் திறவுங்கள். எண்ணெய் சூடாயிருக்கும், கை கவனம். கால் மணி நேரமேனும் சொட்டச் சொட்ட விடுங்கள்.

அந்தக் கால் மணி நேரத்தில் தாச்சியைப் பாருங்கள். கியர்ப்பெட்டியின் உடல்நிலையை அது சொல்லும். சாம்பல் நிறமான நுண்ணிய பசைபோன்ற தூள் வயது முதிர்ந்த பெட்டிக்கு இயல்பானது. வெயிலிற் சரித்துப் பார்க்கும்போது பொன்னிறமாக மினுங்கினால், செப்பு வளையங்கள் தேய்கின்றன என்று பொருள். காந்தத்தை இட்டுப் பாருங்கள். உருக்குத்தூள் ஒட்டும், செப்புத்தூள் ஒட்டாது. பாலூற்றிய கோப்பியின் நிறமாயிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கையில் எடுக்கத்தக்க உலோகத் துண்டோ, உடைந்த பல்லோ கிடந்தால், அப்போதுதான் பெட்டியைத் திறக்கவேண்டும் என்ற பேச்சுக்கே இடமுண்டு. முகர்ந்தும் பாருங்கள். கந்தக நாற்றம் அடித்தால் நான்கு மாதங்களுக்கு முன் வார்த்தது எதுவென்பது தெரிந்துவிடும்.

ஐந்தாவது, வடிக்கும் மூடியைத் துடைத்துப் பூட்டுங்கள். இறுக்கமாகப் பூட்டுங்கள், ஆனால் வைரம் தீர்ப்பதைப் போல் இறுக்காதீர்கள். புரி கழன்றால் பெரும் செலவு. பின்னர் புனலும் குழாயும் கொண்டு புதிய ஒயிலை மெதுவாக வாருங்கள். வார்க்கும் துவாரத்தின் விளிம்பை எட்டி ஒயில் திரும்ப வழியத் தொடங்கும் இடமே சரியான அளவு. மேலதிகம் வழிந்து முடியும்வரை பொறுத்து மூடிவிடுங்கள்.

ஆறாவது, பிழையான எண்ணெய் இருந்த பெட்டியாதலால் ஒருமுறை மாற்றுவது போதாது. ஓரிரு வெள்ளிக்கிழமைகள் ஓட்டியபின் மீண்டும் வடித்து, மீண்டும் புதிது வாருங்கள். மூலைகளில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சமும் அப்போது நீங்கும்.

எண்ணெய் தேய்ந்த உலோகத்தை வளரச் செய்யாது. வளையம் உண்மையாகவே தேய்ந்திருந்தால் கடி குறையுமேயன்றி முற்றாக மறையாது. அப்போதும் அவசரப்பட வேண்டியதில்லை. கியர் மாற்றுகையில் கிளச்சை மிதித்து நடுநிலைக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போடும் இரட்டைக் கிளச் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். 1958 இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்கிய நாட்களிலே பழைய பேருந்துச் சாரதிகள் நாள்முழுவதும் அவ்விதமே ஓட்டினர். தந்தையாருக்கு அது கைவந்த கலையாக இருக்கும். அவரைப் பக்கத்து ஆசனத்தில் இருத்திச் சொல்லித்தரக் கேளுங்கள். அத்துடன், வளையங்களை மட்டும் மாற்றிப் பெட்டியைத் திருத்தும் வழியும் உண்டு. முழுப் பெட்டியையும் எறிவது கடைசி வழி. அதற்கே இணங்க நேர்ந்தாலும், பழைய பெட்டியைக் கராஜில் விட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

வடித்த எண்ணெயை என்ன செய்வது? வேலிக் கதிகாலுக்குக் கறையான் பிடிக்காதிருக்கப் பூசுவதும், கொல்லையில் ஊற்றிவிடுவதும் நம்மவர் வழக்கம். தயவுசெய்து விட்டுவிடுங்கள். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றியது கீழே இறங்கிக் கிணற்றைத் தேடிக்கொள்ளும். சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளிலே எண்ணெய் கலந்த வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்று, 2019 இல் தீர்ப்பளிக்கப்பட்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒன்றேகால் லீற்றர்தானே என்று ஒவ்வொருவரும் எண்ணினால், ஊரெங்கும் எத்தனை ஒன்றேகால் லீற்றர்! புதிய ஒயில் வந்த குப்பியிலேயே பழையதை அடைத்துக் கழிவு ஒயில் சேர்க்கும் கராஜில் ஒப்படையுங்கள். கையைச் சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவுங்கள். சிறுவர்களை அத் தாச்சியருகே விடாதீர்கள். அதனை மறுபடி அடுக்களைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம்.

ஆசைக்கு வண்டி வைத்திருக்கும் ஏனையோருக்கு ஒரு சொல். ஓடாத வண்டிக்குத் தேய்மானம் இல்லை என்று எண்ணாதீர்கள். 2022 இல் எரிபொருள் இன்றி மாதக்கணக்கில் நின்ற வண்டிகள் பல, பெற்றோல் வந்தபின்னும் முனகிக்கொண்டே புறப்பட்டன. நிற்கும் பெட்டியின் மேற்சக்கரங்களிலிருந்து எண்ணெய் வடிந்துவிடும்; இரவுக் குளிரில் ஈரம் சேரும்; துரு தொடங்கும். ஆகவே கிலோமீற்றர்க் கணக்கைப் பாராமல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுங்கள். கிழமைக்கு ஒருமுறையாவது வண்டியை நன்கு சூடேறும்வரை ஓட்டுங்கள். பின் அச்சை மறந்துவிடாதீர்கள். அதற்கு வேண்டியது, இதுவரை நாம் வேண்டாம் என்று சொன்ன அந்தக் கந்தகம் கலந்த 90 ஒயிலேதான், ஏறக்குறைய 0.85 லீற்றர். கராஜுக்குப் போகும்போது கைந்நூலின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். அல்லது, இரண்டு குப்பிகளிலும் 'பெட்டி' என்றும் 'அச்சு' என்றும் பெரிதாக எழுதி நீங்களே கொடுங்கள்.

பெண்ணொருத்தி செய்யலாமா என்று கேட்டீர்கள், சகோதரி. ஆட்டுக்கல்லைக் கழுவிக் கவிழ்க்கும் கைக்கு இந்த மூடிகள் பெரிதல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் போதும். நாற்காலியில் இருப்பவரிடம் கேட்டுக் கேட்டுச் செய்யுங்கள். தாச்சியில் எந்த நிறம் கண்டீர்கள் என்பதை எமக்கு எழுதுங்கள். கராஜுக்கு விடை சொல்வதை அதுவரை தள்ளிவையுங்கள்.